உடல் பழகிவிட்டது, காது பழகவில்லை!

செஞ்சி பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? தொண்டூரிலிருந்து வந்து போகும் மாணவர்களுக்கு அங்குள்ள இரைச்சல் நன்றாகத் தெரியும். எஞ்சின் உறுமலுக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவே கண்டக்டர் ‘திருவண்ணாமலை’ என்று கூவுகிறார். உங்கள் காதில் விழுவது ‘ணாமலை’ மட்டும்தான். ஆனாலும் ஓடிப்போய் ஏறிவிடுகிறீர்கள். விட்டுப்போன எழுத்துகளை நிரப்பியது யார்? தமிழ் கேட்டே வளர்ந்த உங்கள் மூளைதான்.

சத்னாம் சிங் பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்த விவசாயி மகன். 2010ஆம் ஆண்டில், 14 வயதில், கூடைப்பந்து பயில அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்கு உதவித்தொகையுடன் சென்றார். பேசத் தெரிந்தது பஞ்சாபி. ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது.

வெயில் அவருக்குப் புதிதல்ல. கடிகாரமோ கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. அதையும் உடல் சமாளித்துவிடும். மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறு செல்கூட்டம்தான் நம் உடற்கடிகாரம். பகல் வெளிச்சத்தைக் கொண்டு அது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பத்து நாளில் தூக்கம் சரியாகிவிடும்.

காது அப்படியல்ல. உள்ளரங்கில் பந்து தரையில் மோதும் ஒலி, விசில், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி! இரைச்சலும் பேச்சும் சம வலிவில் இருந்தாலும் தாய்மொழி பெரும்பாலும் புரிந்துவிடும். அரைகுறையாகத் தெரிந்த மொழி என்றால், பேச்சு சில டெசிபெல்லாவது ஓங்கியிருக்க வேண்டும். 3 டெசிபெல் என்பதே இருமடங்கு ஆற்றல் அல்லவா? ஆட்டத்தைச் செய்து காட்டினால் பார்த்துக் கற்கலாம். சாப்பாட்டு மேசையில் நண்பர்கள் சொல்லும் வேடிக்கைப் பேச்சை யார் செய்து காட்டுவது? எல்லோரும் சிரித்த பிறகு தானும் சிரிக்கும் பையனை ‘யாரோடும் ஒட்டமாட்டான்’ என்று சொல்லிவிடுவார்கள்.

நானும் அப்படித் தவறு செய்தவன்தான். தமிழ்வழியில் படித்துவிட்டு என் வகுப்புக்கு வந்து, கடைசி பெஞ்சில் பேசாமல் இருந்த மாணவர்களை மந்தமானவர்கள் என்று சில ஆண்டுகள் எண்ணியிருந்தேன். மின்விசிறி வேறு கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்!

சத்னாமை 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. அணி ஒன்றால் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வீரர் அவரே. ஆனால் அந்தப் போட்டிகளில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வானொலியைக் கையில் வைத்துக்கொண்டு, நிலையம் பிடிக்காமல் இரையவிடுங்கள். நண்பர் ஒருவர் தள்ளி ஓரிடத்தில் நின்று, ஒரே குரலில் ஒரு தமிழ் வாக்கியமும் ஓர் ஆங்கில வாக்கியமும் படிக்கட்டும். நீங்கள் வானொலியோடு தூரத்திலிருந்து அடி அடியாக அவரை நெருங்குங்கள். தமிழ் எத்தனை அடியில் புரிந்தது, ஆங்கிலம் எத்தனை அடியில் புரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.