அக்கலுக்கின் பெயரில் ஓர் அறக்கட்டளை

அலாஸ்காவின் வடமேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, காட்ஸிபியூ என்றொரு சிற்றூர். அக்கலுக் அறக்கட்டளை இங்கிருந்துதான் இயங்குகிறது. நூர்விக் கிராமத்துத் தலைவர் ராபர்ட் அக்கலுக் நியூலின் நினைவாக ஏற்படுத்தப்பட்டது. இஞுப்பியாட் மக்களின் மொழி, பண்பாடு, கல்வி மூன்றையும் அது தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதன் பின்னணி 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அலாஸ்காவின் மற்ற நிலங்கள்மீது பூர்வகுடிகளுக்கு இருந்த உரிமையை முடித்துவிட்டு, 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96.25 கோடி டாலரும் அமெரிக்க அரசு அவர்களுக்குக் கொடுத்தது. வாங்கிக்கொண்டவை குலக்குழுக்கள் அல்ல. அம்மக்களே பங்குதாரர்களாக அமைந்த நிறுவனங்கள். வடமேற்குக்கு அமைந்த நிறுவனம் 'நானா'. அதைக் கட்டியெழுப்பிய முன்னோடிகளில் நியூலினும் ஒருவர். நானாவின் நிலத்தில்தான் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம் 1989 முதல் இயங்குகிறது. நானாவின் ஆதரவோடும் நன்கொடைகளோடும் அறக்கட்டளை அந்நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கும் வாரிசுகளுக்கும் கல்லூரிப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவித்தொகை தருகிறது.

படிக்கப் பணம் கொடுத்தால் போதாதா, மொழிக்கு ஏன் தனி முயற்சி? அந்த மொழியின் வாயை அடைத்ததே பள்ளிக்கூடம்தான். வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. பெரும்பாலான கிராமங்களில் உயர்நிலைப் பள்ளியும் இல்லை. 1976இல் ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகே அவை ஊருக்கு ஊர் வந்தன. அதுவரை பதின்வயதுப் பிள்ளைகள் ஓரிகன் போன்ற தொலைவிடங்களின் விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். அடிபட்டு வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அந்த வலி வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலமே பேசினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இன்று அலாஸ்காவில் இந்த மொழியைப் பேசுபவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், பெரும்பாலும் முதியவர்கள்.

ஆகவே அறக்கட்டளை உதவித்தொகையோடு நிற்கவில்லை. கோபுக் ஆற்றங்கரையில் 'சிவுன்னீக்விக்' என்ற கோடை முகாமையும் நடத்துகிறது. பிள்ளைகள் அங்கே பெரியவர்களோடு தங்கி, அவர்கள் செய்யும் வேலையைப் பார்த்துப் பழகுகிறார்கள். மீன் அரிவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உலு என்ற பிறைநிலா வடிவக் கத்தி. பிடி மேலே, வளைந்த கூர் கீழே. மீனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு, வால் மட்டும் ஒட்டியிருக்கும்படி விடுவார்கள். சதையில் குறுக்குக் கீறல்கள் போட்டுக் கழியில் தொங்கவிட்டால் காற்றில் உலரும். கீறல் ஆழமானால் தோல் கிழிந்துவிடும். ஆழம் போதாவிட்டால் உள்ளே உலராது. கிழவி கையைப் பிடித்துத் திருத்தும்போது வாயிலிருந்து வருகிற சொல், மீன் வாசனையோடு மனதில் தங்கிவிடும்.

மொழியும் கெட்டிக்கார மொழி. 'விக்' என்று முடிந்தால் இடம்: நூர்விக், குடிபெயர்ந்து வந்து சேர்ந்த இடம். நம் நூலகம், உணவகம் போல. 'இக்லு' என்றால் வீடு. பனிக்கட்டி வீடு மட்டும் என்று நாம் நினைப்பது பிழை. இரண்டு வீடுகள் 'இக்லுக்', மூன்றும் அதற்கு மேலும் 'இக்லுட்'. ஒருமை, பன்மையோடு நிற்கும் தமிழருக்கு இந்த இருமை புதிது. ஆனால் அவர்களுடைய ஞகரம் நம் நாவுக்கு இயல்பாக வரும்.

உதவித்தொகை பிள்ளையை ஊரைவிட்டு வெளியே அனுப்புகிறது, முகாம் ஆற்றங்கரைக்குத் திரும்பக் கூப்பிடுகிறது. இரண்டையும் ஒரே அறக்கட்டளை செய்வதுதான் எனக்குப் பிடித்தது. வெளியே போகிறவர் செவிலியராகவோ பொறியாளராகவோ திரும்பி வரும்போது, பேச ஊரில் மொழி இருக்க வேண்டுமே.

காட்ஸிபியூவில் 1998இல் இஞுப்பியாக் என்ற இந்த மொழியின் வழியிலேயே கற்பிக்கும் பள்ளியும் சிறு பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இந்த மொழியில் எண் பழகுகிற பிள்ளைக்கு உடம்பே கணக்குப் பலகை. ஐந்துக்கான சொல் 'தல்லிமட்', கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இருபது வந்தால் கைவிரலும் கால்விரலும் தீர்ந்துவிடும். அந்த எண்ணுக்கான சொல்லுக்குள் 'இஞுக்' இருக்கிறது: ஒரு முழு ஆள்.