உங்களுக்குத் தெரியுமா? – ரிட்டயர்மென்ட் நெருங்குபவர்களுக்குச் சில சிக்கனக் கணக்குகள்

தனியார் வேலையில் சம்பளம் லட்சத்தைத் தொட்டாலும் பி.எஃப். பென்ஷன் கணக்கில் அது எடுபடாது. 2014 செப்டம்பரில் அதற்கு வைத்த சம்பள வரம்பு மாதம் 15,000 ரூபாய். அந்தத் தொகையைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 35 ஆண்டு உழைத்தவருக்கே 7,500 ரூபாய்தான் தேறும். 2014க்கு முந்தைய சேவைக்கு வரம்பு இன்னும் குறைவு என்பதால் பலருக்கு அதுவும் வராது. கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து ஏற்கப்பட்டவர்களின் கதை வேறு. மற்றவர்கள் 50 வயதிலேயே செலவைக் கட்டுப்படுத்திப் பழகுவது நல்லது.

✦

ஒரே ஒரு யூனிட் கரண்டுக்கு 233 ரூபாய்! நம்ப முடியவில்லையா? தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,958. முதல் 100 யூனிட் இரண்டு வீட்டுக்கும் இலவசம்தான். ஆனால் 500க்குள் நின்றவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், தாண்டியவருக்கு அதே நூறு யூனிட்டுக்கு 4.50. அதில் 225 ரூபாய் போகிறது. 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய் தனி. அதன் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன, ஆகவே உங்கள் பில்லை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரீடிங் எடுத்துப் போன தேதியிலிருந்து ஐம்பதாவது நாள் வாக்கில் மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும்; கே.டபிள்யூ.ஹெச். என்று காட்டும் எண்தான் நமக்கு வேண்டியது. அதிலிருந்து போன தடவை எடுத்த ரீடிங்கைக் கழித்து 430 வந்தால், மிச்சமிருக்கும் பத்து நாளில் ஏ.சி.யைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

✦

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் சுற்றளவில் போதும். தினம் 12 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு ஏறத்தாழ 32 யூனிட் மிச்சம். ஹாலுக்கும் படுக்கையறைக்குமாக இரண்டு மாற்றினால் 65. வேலைக்குப் போகும் வரை பகலில் ஓய்ந்து கிடக்கும் ஃபேன், ரிட்டயரான மறுநாளிலிருந்து பகலிலும் சுற்றும். மாற்றுவதானால் சம்பளம் வரும்போதே மாற்றிவிடுங்கள். இப்படிச் செலவழிப்பதும் சிக்கனத்தில்தான் சேரும் என்பது என் கட்சி.

✦

ஏ.சி.யில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கனத் துறை. 24-ல் வைத்து, கூடவே ஃபேனையும் ஓடவிட்டுப் பாருங்கள்.

✦

வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய காஸ் 14.2 கிலோ. காலி எடை சிலிண்டரின் மேற்பகுதியிலேயே எழுதியிருக்கும். அது 15.8 என்றால் தராசு 30 காட்ட வேண்டும். டெலிவரிக்கு வருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் ஏ, பி, சி, டி-யில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். சி-27 என்றால் 2027 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அந்த சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும். தேதி கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

✦

கொண்டைக்கடலை, ராஜ்மாவை ராத்திரியே ஊறப்போட்டால் குக்கரில் விசில் பாதியாகக் குறையும். பாட்டிக்குத் தெரிந்ததுதான்.

✦

மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் காசு. மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அம்லோடிபின் போல மாதாமாதம் வாங்கும் சுகர், பி.பி. மாத்திரைகளை மருந்தின் பெயரிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகத்திலும் அவை பல மடங்கு மலிவு. ஆனால் அளவும் கூட்டும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்துவதைச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

✦

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயது ஆக வேண்டும் என்றுதான் பலரும் காத்திருக்கிறார்கள். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவரோ வி.ஆர்.எஸ். வாங்கியவரோ அப்போதே சேரலாம். ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், அந்தப் பணத்தைத்தான் போட முடியும். 2023 ஏப்ரலிலிருந்து உச்சவரம்பு 30 லட்சம். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கணக்கில் விழும்.

✦

சென்னையில் 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 டோக்கன் இலவசம். வாங்காமல் விட்டவர்கள் ஏராளம்.

✦

ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இன்னும் இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்தே. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது பொருந்தும். பேரன் பேத்தியைச் சேர்த்து ஐந்து பேராகப் போட்டால் நடு பெர்த்தில் ஏற வேண்டியதாகிவிடும். தாத்தா, பாட்டிக்குத் தனி டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள்.