கைவிடப்பட்ட விமானத் தளங்கள்

அருப்புக்கோட்டையினின்று மதுரைக்குச் செல்லும் சாலையில், பெருங்குடியை நெருங்கும்போது விமானங்கள் தாழப் பறந்து இறங்குவதைக் காணலாம். அங்குள்ள விமான நிலையத்தை 1942ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் விமானப் படை பயன்படுத்தியது. அருப்புக்கோட்டையினின்று தெற்கு நோக்கி எட்டயபுரம், கோவில்பட்டி வழியாகச் சென்றால் கயத்தாறு வரும். 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே அதனை நாம் அறிவோம். அங்கும் போர்க்கால ஓடுபாதை ஒன்று உண்டு. முன்னது விமான நிலையமாய் வளர்ந்தது, பின்னது கைவிடப்பட்டது.

இவ்வறண்ட நாட்டிற்குப் போர் விமானங்கள் ஏன் வந்தன? 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும், 9இல் திரிகோணமலையும் சப்பானியரின் குண்டுவீச்சுக்கு ஆளாயின. தென்னிந்தியக் கரை போர்முனைக்கு அருகிலாயிற்று. கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம் ஆகிய இடங்களில் போர்க்கால ஓடுபாதைகள் இருந்தமை இதனாலேயே.

மேடு பள்ளமற்ற கரிசற் காடு ஓடுபாதைக்கு ஏற்றதெனத் தோன்றும். ஆனால் கரிசல் மழையில் உப்பும்; கோடையிலோ கை நுழையுமளவு வெடிக்கும். ஆகவே அதன்மேல் கல்லும் சரளையும் பரப்பி, இறுக்கி, நீர் வடிய வழி செய்தல் வேண்டும். அவ்வாறு இறுகிய நிலத்தில், மேற்பூச்சு பெயர்ந்த பின்னும், செடிகள் செழித்து வளர்வதில்லை. சுற்றிலும் பசுமை, நடுவே வெளிறிய நீண்ட கோடு! இத்தகைய நிற வேறுபாட்டைக் கொண்டே, 1920களில் இங்கிலாந்தில் கிராஃபோர்டு என்பவர், வானிலிருந்து எடுத்த படங்களில் பழங்காலத் தடயங்களைக் கண்டறிந்தார்.

ஓடுபாதையின் திசையும் நமக்கு ஒன்று கூறும். விமானம் காற்றை எதிர்த்தே எழும்; எதிர்த்தே இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இப்பகுதியில் வேகமாய் வீசும். காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் கயத்தாற்றில் அமைந்திருப்பது தற்செயலன்று. மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் முனைகளில் 09, 27 என்னும் எண்கள் காணப்படும். அவை 90, 270 பாகைகளைக் குறிப்பன. கைவிடப்பட்ட ஓடுபாதையின் திசையை நாமே திசைகாட்டி கொண்டு அறியலாம்.

இவற்றைப் புகைப்படம் எடுக்க விரும்புவோர் நண்பகலைத் தவிர்க்க வேண்டும். உச்சி வெயிலில் மேடும் பள்ளமும் ஒன்றாகவே தோன்றும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த ஒளி படும்போது, ஒரு விரல் உயரமுள்ள விளிம்பும் நிழல் வீழ்த்தும். பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைத்தல் நன்று. அஃதில்லாத படத்தில் பெரிய கல்லும் சிறிய கல்லும் ஒன்றே. நிலத்திற்கு உரியவரின் இசைவு பெற்ற பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும். துருப்பிடித்த இரும்புப் பொருள் எதனையும் தொடலாகாது. அது வெடிக்கும் பொருளாகவும் இருக்கலாம்.

சோழவரத்து ஓடுபாதையில் போருக்குப் பின் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றமையால் பலர் அதனை நினைவில் வைத்துள்ளனர். மற்றவற்றிற்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1942இல் பத்து வயதுச் சிறுவராய் விமானத்தைக் கண்டவர் இன்று 90 வயதைக் கடந்தவர். எடுத்த படங்களை முதலில் அத்தகைய பெரியவர்களிடம் காட்டிக் கேட்க வேண்டும். அவர்கள் கூறுவதை ஊர், நாள், திசை ஆகியவற்றோடு படத்தின் பின்புறத்தில் அன்றே எழுதி வைத்தல் வேண்டும்.