பொருளும் பொறுமையும்: அமெரிக்கப் பேஸ்போல் கழகங்கள் காட்டும் இரு நெறிகள்

வீழ்ந்துபட்ட கழகம் ஒன்றை மீண்டும் நிமிர்த்துவதற்கு வழிகள் இரண்டு. வல்லோரைப் பெரும்பொருள் கொடுத்து வெளியிலிருந்து வருவித்தல் ஒன்று. இளையோரைத் தெரிந்தெடுத்துப் பல்லாண்டு பயிற்றி வல்லோராக்குதல் மற்றொன்று. முன்னையது விரைவிற் பயன்தருவதுபோலத் தோன்றும். பின்னையது காலம் பல கடந்தே பயன்தரும். இவ்விரண்டனுள் எது தக்கது என்னும் வினா மனிதர் கூடித் தொழில்செய்யும் இடமெங்கும் எழுவதே. எனினும், அதனை எண்கொண்டு அளந்தறிதற்கு மிகவும் ஏற்ற களம் அமெரிக்காவின் தொழின்முறைப் பேஸ்போல் ஆட்டமாகும். அங்கு வெற்றி தோல்விகள் நூற்றாண்டுக்கு மேலாகப் பதியப்பட்டு வருகின்றன. ஆட்டக்காரரின் ஊதியமும் ஊரறிந்த செய்தியாகவே உள்ளது. அவ்வரலாற்றைத் துணைக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேஸ்போல் ஆட்டத்தைக் கிறிக்கெற்றின் தூரத்து உறவு எனக் கொள்ளலாம். அணிக்கு ஒன்பதின்மர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்சுகள். ஒருவர் எறியும் பந்தை மற்றொருவர் அடித்துவிட்டு, நான்கு நிலைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். உயர்நிலைக் கழகங்கள் முப்பது. அவை தேசிய லீக், அமெரிக்க லீக் என இரு பிரிவுகளாய் அமைந்துள்ளன. ஒவ்வொரு கழகமும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஈற்றில் இரு லீக்குகளினதும் வாகைக் கழகங்கள் உலகத் தொடரில் எதிர்ப்படும். கழகங்கள் தனியார் உடைமையாதலின், பெருநகரத்துக் கழகத்தின் வருவாய் பெரிது. சிறுநகரத்துக் கழகத்தின் வருவாய் சிறிது. குறித்த தொகைக்கு மேல் ஊதியம் வழங்கும் கழகம் வரி செலுத்த வேண்டுமேயன்றி, மீறவொண்ணா வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை.

தொடக்கத்தில் நாம் எடுத்துக்கொண்ட வினா எழுவதற்கே இடமிருக்கவில்லை. ஏனெனில், விரும்பிய கழகத்துக்குச் செல்லும் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை. 1879ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்டு நாளடைவில் விரிந்த உரிமைக்காப்பு விதி, ஒருவரை அவர் சேர்ந்த கழகத்துடனேயே பிணித்து வைத்தது. கழகம் அவரை வைத்திருக்கலாம், வேறு கழகத்துக்கு மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். அவரோ தாமாக விலகி வேறிடம் சேர்தல் இயலாது. 1969இல் சென் லூயி கார்டினல்ஸ் கழகம் கேர்ட் பிளட் என்பாரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, தாம் வாங்கி விற்கத்தக்க உடைமையல்லர் என ஆணையாளருக்கு எழுதி அவர் மறுத்தார். 1972இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை அவருக்கு மாறாகத் தீர்த்தது. எனினும் அவர் மூட்டிய தீ அவியவில்லை. 1975ஆம் ஆண்டின் இறுதியில், ஒப்பந்தம் எழுதாமலே ஓராண்டு ஆடிய அன்டி மெசர்சிமித், டேவ் மக்னலி ஆகிய இருவரும் கட்டினின்றும் விடுபட்டவர் என நடுவர் பீற்றர் சைற்ஸ் தீர்ப்பளித்தார். 1976இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, உயர்நிலையில் ஆறாண்டு ஆடியவர் தாம் விரும்பிய கழகத்துடன் விலைபேசும் உரிமை பெற்றார். இவரையே சுயேச்சை ஆட்டக்காரர் என்பர். ஆகவே, பொருள் கொடுத்து வருவித்தலை வெற்றாடம்பரம் என இகழ்தல் பொருந்தாது. தம் உழைப்பின் விலையைத் தாமே பேசும் உரிமை அதனுள் அடங்கியிருக்கின்றது.

மற்றைய நெறியின் வரலாறு இதனினும் பழையது. 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பொருள்வளங் குன்றிய சென் லூயிக் கழகத்தை நடத்திய பிறான்ச் றிக்கி, புகழ்பெற்ற ஆட்டக்காரரை விலைக்கு வாங்குதல் தமக்கு இயலாதெனக் கண்டார். சிற்றூர்க் கழகங்களைத் தம் கழகத்துடன் இணைத்து, இளைஞர் பலரைச் சேர்த்து, படிப்படியாக உயர்த்தும் முறையை வகுத்தார். அம்முறையின் பயனாகக் கார்டினல்ஸ் 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது. பின்னர் ஏனைய கழகங்களும் அவரைப் பின்பற்றின. 1965 முதல் இளைஞர் தெரிவு பொதுமுறையாக நடைபெறலாயிற்று. முந்திய ஆண்டில் மிகுதியாகத் தோற்ற கழகத்துக்கே முதலில் தெரிவுசெய்யும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. மெலியோரைத் தாங்கும் நோக்குடன் அமைந்த இவ்விதியே தோல்விக்கு ஒரு பரிசையும் ஏற்படுத்தியமை பின்னர் விளங்கும்.

இனி, இவ்விரு நெறிகளும் இயங்குமாற்றை நோக்குவோம். இளைஞர் ஒருவர் உயர்நிலை ஆட்டத்துட் புகுந்த பின் ஏறக்குறைய மூன்றாண்டுகள் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே பெறுவர். அடுத்த மூன்றாண்டுகளில் இணக்கம் ஏற்படாவிடின் நடுவர் ஊதியத்தை வரையறுப்பர். அதன் பின்னரே விடுதலை. 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 7,60,000 டொலர். நியூயோர்க் மெற்ஸ் கழகத்திற் சேர்ந்த ஹுவான் சோற்றோவுடன் எழுதப்பட்ட ஒப்பந்தமோ 15 ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 இலட்சம் டொலர். அவர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் செல்லும் தொகையால் அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞரைக் குறைந்தபட்ச ஊதியத்தில் வைத்திருக்கலாம். அன்றியும், ஆட்டக்காரர் பெரும்பாலோர் முப்பது வயதை அணுகும்போதே விடுதலை பெறுகின்றனர்; உடல்வலிமையோ அவ்வயதின் பின்னர்க் குன்றத் தொடங்கும். எனவே, பெரும்பொருள் கொடுக்கும் கழகம் பலவேளைகளில் ஒருவருடைய சென்ற ஆண்டுகளின் புகழுக்கு விலை கொடுத்து, அவருடைய தளர்ச்சிக் காலத்தைப் பெறுகின்றது.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பலராலும் கூறப்படுவது ரெக்சாஸ் றேஞ்சர்ஸ் கழகம். 2000ஆம் ஆண்டு மார்கழியில் அக்கழகம் அலெக்ஸ் றொட்றிகேசுக்குப் பத்தாண்டுகளுக்கு 25 கோடியே 20 இலட்சம் டொலர் தர உடன்பட்டது. அவர் அப்போது 25 வயதினர், ஆற்றலிலும் குறைவில்லை. 2003இல் அமெரிக்க லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டமும் பெற்றார். ஆயினும், பந்தெறிவாளர் வலிமையற்ற அவ்வணி 2001, 2002, 2003 ஆகிய மூன்றாண்டுகளிலும் தன் பிரிவிற் கடையிடத்தையே அடைந்தது. 2004இல் அவரை யாங்கீஸ் கழகத்துக்கு மாற்றியபோது, எஞ்சிய ஊதியத்தில் 6 கோடியே 70 இலட்சம் டொலரைத் தானே செலுத்தவும் ரெக்சாஸ் உடன்பட்டது. அடித்தளமில்லாத மனைக்குப் பொன்வேய்ந்த கூரை பயன்படாதென்பதை இது காட்டுகின்றது.

பொறுமை நெறிக்குச் சிறந்த சான்றுகளாவன சிக்காகோ கப்ஸ், ஹியூஸ்ரன் அஸ்ரோஸ் ஆகிய இரு கழகங்கள். 1908இன் பின் உலகத் தொடரை வென்றறியாத சிக்காகோ, 2011இல் தியோ எப்ஸ்ரைனிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு 101 தோல்விகள். பெயர்பெற்றோரைக் கைவிட்டு இளையோரைச் சேர்த்த அக்கழகம், 2013இல் கிறிஸ் பிறையன்ற் என்பாரைத் தெரிவுசெய்தது. இளையோர் முதிர்ச்சியுறும் காலம் அணுகியதும், 2014 மார்கழியில் பந்தெறிவாளர் ஜோன் லெஸ்ரருக்கு ஆறாண்டுகளுக்கு 15 கோடியே 50 இலட்சம் டொலர் தந்து அழைத்தது. 2016இல், 108 ஆண்டுகளின் பின், வாகை சூடியது.

ஹியூஸ்ரன் கழகமோ 2011, 2012, 2013 ஆகிய மூன்றாண்டுகளில் முறையே 106, 107, 111 ஆட்டங்களிற் தோல்வியுற்றது. 2013இல் முதலிடத் தெரிவு அதற்கே கிடைத்தும், அது எடுத்த பந்தெறிவாளர் அக்கழகத்துக்காக உயர்நிலையில் ஒரு பந்தும் எறிந்திலர். அடுத்து நின்ற சிக்காகோவே பிறையன்றைப் பெற்றது. தெரிவென்பது எத்துணை ஐயத்துக்குரியது என்பது இதனாற் பெறப்படும். எனினும், 15,000 டொலருக்கு வெனிசுவேலாவிலிருந்து சேர்க்கப்பட்ட ஹொசே அல்துவே, 2012இல் முதலாவதாகத் தெரிவான கார்லொஸ் கொறேயா முதலியோர் வளர்ந்து ஒன்றுசேர, 2017இல் அக்கழகம் வென்றது.

நிற்க. பொறுமைக்கும் விலையுண்டு, அவ்விலையைக் கொடுப்போர் கழக உடைமையாளரல்லர், பொதுமக்களே. தோற்பதற்கென்றே அமைந்தது போன்ற அணியைக் காண அவர்கள் சீட்டுக்குப் பணம் செலுத்துகின்றனர். 2013இல் ஹியூஸ்ரன் அணியின் ஆட்டமொன்றை அந்நகரில் தொலைக்காட்சியிற் கண்டோர் தொகை, கணக்கெடுப்பிற் பூச்சியம் என்றே பதிவாயிற்று. மேலும், நீண்ட தோல்வியின் பின் கிட்டும் வெற்றியைத் தூய்மையாகக் காத்தலும் எளிதன்று. எதிரணியின் சைகைகளைப் படக்கருவியின் துணையால் 2017இல் அக்கழகம் களவாக அறிந்தமை பின்னர் வெளிப்பட்டது. 2020இல் 50 இலட்சம் டொலர் தண்டமும், முதலிரு சுற்றுத் தெரிவுகளை ஈராண்டுகளுக்கு இழத்தலும் விதிக்கப்பட்டன. பல்லாண்டுப் பொறுமையாற் பெற்ற புகழ் ஓராண்டுப் பொறாமையான் மாசுற்றது.

பிற்ஸ்பேர்க் பைறேற்ஸ் கழகத்தின் கதை இன்னும் இரங்கத்தக்கது. 1992இன் இறுதியில் பரி பொன்ட்ஸ் சுயேச்சை ஆட்டக்காரராகி சன்பிரான்சிஸ்கோ சென்ற பின், 1993 முதல் 2012 வரை இருபதாண்டுகள் தொடர்ந்து, வெற்றியினும் தோல்வியே மிகப் பெற்றது. 1996இலும் 2002இலும் முதலிடத் தெரிவு கிடைத்தும் அந்நிலை மாறவில்லை. 1993இல் அந்நகரிற் பிறந்த குழந்தை இருபது வயது இளைஞனாகும் வரை, தன் நகரத்தவர் தலைநிமிர்ந்த ஓராண்டையேனும் கண்டதில்லை. சிக்கனத்துக்குப் பொறுமை என்று பெயரிடுதல் எளிது. காத்திருத்தல் மட்டுமே ஆக்கமாகிவிடாது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்கும் பொருட்டு, 2023 முதல் தெரிவின் முதல் ஆறு இடங்களும் திருவுளச்சீட்டால் வழங்கப்படுகின்றன.

பொருள் நெறியும் என்றும் பழுதாவதன்று. முன்னர்க் கண்ட அதே ரெக்சாஸ் கழகம் 2021இல் 102 ஆட்டங்களிற் தோற்றது. அக்குளிர்காலத்திற் கோறி சீகருக்கும் மார்க்கஸ் செமியனுக்குமாக 50 கோடி டொலருக்கு ஒப்பந்தம் எழுதியது. மறு ஆண்டும் 94 தோல்விகள், பலரும் நகைத்தனர். ஆனால் 2023இல் அக்கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சீகரே. வழியில் அது மூன்றே ஆட்டங்களில் வெளியேற்றிய பால்ற்றிமோர் ஓரியோல்ஸ், மூன்று ஆண்டுகளில் நூறுக்கு மேற்பட்ட தோல்விகளைத் தாங்கிப் பொறுமையால் உருவாகி, அவ்வாண்டு 101 வெற்றிகள் பெற்ற அணியாகும். பொருள் பொறுமையை வென்றது எனச் சிலர் முடிவுசெய்யலாம். ஆயினும் அந்த ரெக்சாஸ் அணியில் ஜோஷ் யுங், எவன் காட்டர் என்போர் அக்கழகத்தாலேயே தெரிவுசெய்யப்பட்டு வளர்க்கப்பட்டவர்கள். 2001இல் இல்லாத அடித்தளம் 2023இல் இருந்தது. மாறாக, அதே 2023இல் ஏறக்குறைய 35 கோடி டொலரை ஊதியமாக வழங்கிய மெற்ஸ் கழகம் 75 வெற்றிகளும் 87 தோல்விகளுமே பெற்றது.

இரு நெறிகளும் ஒருங்கு பொருந்துதலை லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் கழகத்திற் காண்கிறோம். ஷோஹெய் ஒத்தானிக்குப் பத்தாண்டுகளுக்கு 70 கோடி டொலர் எழுதிக்கொடுத்த அக்கழகம் 2024, 2025 ஆகிய ஈராண்டுகளிலும் உலகத் தொடரை வென்றது. 2025இல் ரொறன்ரோவுக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தின் 11ஆம் இன்னிங்சில் வெற்றி ஓட்டத்தைத் தந்தவர், 2016இல் தெரிவுசெய்யப்பட்டு அக்கழகத்திலேயே வளர்ந்த வில் சிமித். அவ்வோட்டத்தைக் காத்து ஆட்டத்தை முடித்த பந்தெறிவாளர், 32 கோடியே 50 இலட்சம் டொலருக்கு யப்பானிலிருந்து வருவிக்கப்பட்ட யமமோற்றோ. வளர்த்த கை அடித்தது. வருவித்த கை காத்தது.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? பொருளும் பொறுமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல; அவற்றுக்கு ஒரு முறைவைப்பு உண்டு. முதலில் அடித்தளம், அஃது உறுதிப்படும் காலமறிந்து பின்னர்ச் செலவு. விதைநெல்லைக் குற்றியுண்டவனுக்கு மறுபோகம் இல்லை. விதைநெல்லைக் காத்தேன் எனக் கூறி வயலை உழாதிருப்பவனுக்கும் அறுவடை இல்லை. ஒரு கழகம் தன் மக்களைப் பொறுத்திருக்குமாறு கேட்குமாயின், அக்காலத்துள் தான் செய்யும் பணி யாதென அவர்களுக்குக் காட்டும் கடமையும் அதனைச் சார்ந்ததே. அக்கடமை மறக்கப்படும் இடத்தில், பிற்ஸ்பேர்க் நகரத்து இளைஞன் இழந்த இருபதாண்டுகளை எவ்வெற்றியும் மீட்டுத்தர மாட்டாது.