அளக்க முடிந்தது, முன்னறிய முடியவில்லை

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் பிராந்தியத்தில் 2019 ஆம் ஆண்டு ஒகஸ்ட் 26 ஆம் திகதி காலை சில விநாடிகள் வீடுகள் குலுங்கின. பதிவான அளவு 2.9. உலகில் நாள்தோறும் நிகழும் நில அதிர்வுகளுடன் ஒப்பிடுகையில் இது மிகச் சிறியதே. எனினும், ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கையையே மாற்றிவிடும் வல்லமை அச்சிறிய அதிர்வுக்கு இருந்தது.

பிளக்பூல் நகருக்கு அண்மையில், பிரெஸ்டன் நியூ றோட்டில் குவாட்ரில்லா நிறுவனம் தோண்டிய எரிவாயுக் கிணறே அதற்குக் காரணம். அங்கு இரண்டு கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், ஷேல் எனப்படும் களிப்பாறைப் படைகளில் எரிவாயு சிறைப்பட்டுக் கிடக்கின்றது. பாறையின் நுண்துளைகள் ஒன்றோடொன்று போதிய தொடர்பின்றி இருப்பதனால் அது தானாக வெளிவருவதில்லை. எனவே, மணலும் சிறிதளவு இரசாயனப் பொருட்களும் கலந்த நீரை உயர் அமுக்கத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கின்றனர். பிளவுகள் மீண்டும் மூடிவிடாது மணல் தாங்கி நிற்க, வாயு கிணற்றை வந்தடைகின்றது.

பாறை பிளக்கும்போது எண்ணற்ற நுண்ணதிர்வுகள் எழுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை அளவுகோலில் பூச்சியத்துக்கும் கீழானவை. மனிதரால் உணர முடியாதவை. இந்த அளவுகோலில் ஓர் அலகு உயர்ந்தால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்காகின்றது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

இந்நுண்ணதிர்வுகளைப் பதிவு செய்வதற்காக அயலிலுள்ள கிணறுகளிலும் நிலமேற்பரப்பிலும் ஜியோபோன் எனும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. ஓர் அதிர்விலிருந்து விரைவான அலையொன்றும் மந்தமான அலையொன்றும் புறப்படுகின்றன. மின்னலுக்கும் இடிமுழக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தூரத்தை மதிப்பிடுவது போன்று, இவ்விரு அலைகளும் வந்தடையும் நேர வித்தியாசத்திலிருந்து அதிர்வின் தூரத்தைக் கணிக்கலாம். பல கருவிகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்தால், பிளவு எத்திசையில் எவ்வளவு தூரம் பரவியது என்பது தெரியவரும்.

இக்கண்காணிப்பு பொதுமக்களின் பாதுகாப்புக்கும் பயன்படும் என நம்பப்பட்டது. 2011 இல் அதே லங்காஷயரின் பிறீஸ் ஹோல் கிணற்றருகே 2.3, 1.5 ஆகிய அளவுகளில் அதிர்வுகள் ஏற்பட்டதையடுத்துப் பணிகள் இடைநிறுத்தப்பட்டன. 2012 டிசம்பரில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டபோது, போக்குவரத்துச் சமிக்ஞை விளக்கை ஒத்த விதியொன்று கொண்டுவரப்பட்டது. நீர் செலுத்தும்போது 0.5 அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வு பதிவானால் பணியை நிறுத்த வேண்டும் என்பதே அதன் சாரம்.

பிரெஸ்டன் நியூ றோட்டில் 2018 ஒக்டோபரில் பணி ஆரம்பமாயிற்று. விதி பல தடவைகள் பணியை நிறுத்தியது. ஆயினும், 2019 இன் மிகப் பெரிய அதிர்வு நீர் செலுத்தப்பட்டுக் கொண்டிருந்தபோது ஏற்படவில்லை. செலுத்துவதை நிறுத்தி ஏறத்தாழ மூன்று நாட்களின் பின்னரே ஏற்பட்டது. ஏற்கனவே இறுக்கத்திலிருந்த பழைய நிலப்பிளவொன்று நழுவியமையே அதற்குக் காரணமாயிற்று. சிவப்பு விளக்கு எரிந்த பின்னரும் ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தைப் போன்றது நிலத்தடி அமுக்கம்.

அதிர்வுகளின் அளவை நம்பகமாக முன்கூட்டிக் கூற இயலாது என்ற அறிக்கையின் அடிப்படையில், 2019 நவம்பரில் அரசாங்கம் இங்கிலாந்தில் இம்முறையை இடைநிறுத்தியது. 2022 செப்டெம்பரில் லிஸ் ட்ரஸ் அரசாங்கம் தடையை நீக்கியது. மறுமாதமே, ரிஷி சுனக் பிரதமரானதும் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

0.5 என்ற எல்லை மிகக் கடுமையானது என எரிவாயுத் துறையினர் வாதிட்டனர். அவ்வாதத்தை முற்றாகப் புறந்தள்ள முடியாது; அந்த அளவிலான அதிர்வை வீட்டிலிருப்போர் உணர்வதில்லை. ஆனால், எவ்வளவு அதிர்வைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் கருவிகள் தீர்மானிப்பதில்லை. பிரித்தானிய புவியியல் அளவையகம் தன் பதிவுகளைச் சுயாதீனமாகப் பகிரங்கப்படுத்தியமையினாலேயே லங்காஷயர் மக்கள் வதந்திகளை அன்றி எண்களைக் கொண்டு வாதாட முடிந்தது. அளவீட்டின் உண்மையான பயன் அதுவேயாகும்.