ஃப்ரீஸருக்குள் பாம்பு சாப்பாடு... பக்கத்தில் பேரன் சாப்பாடு!

லண்டனில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறீர்கள். மூத்த பேரனுக்கு மீன் பொரித்துத் தரலாமே என்று ஃப்ரீஸரைத் திறந்தால்... பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பைக்குள், வாலும் காதுமாக விறைத்துப்போய் ஒரு டஜன் வெள்ளை எலிகள்! நீங்கள் அலறுகிறீர்கள். மாப்பிள்ளை சிரிக்கிறார். "பயப்படாதீங்க அத்தை, நம்ம பையன் வளர்க்கிற பாம்புக்குச் சாப்பாடு அது!"

முகம் சுளிக்காதீர்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கார்ன் ஸ்நேக், பால் பைத்தான் போன்ற விஷமில்லாத பாம்புகளை வீட்டில் வளர்ப்பது சாதாரண விஷயம். (நம் ஊரில் அந்த ஆசை வேண்டாம். சாரை, நாகம், மலைப்பாம்பு போன்றவற்றை வீட்டில் அடைத்து வைத்தால் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டால் அது பாம்பையே கடித்துக் குதறிவிடும் என்பதால், கொன்று உறைய வைத்த எலிகளைக் கடையில் விற்கிறார்கள். குட்டிப் பாம்புக்கு முடி முளைக்காத எலிக்குஞ்சு, பெரிய பாம்புக்குப் பெரிய எலி. பாம்புக்கும் நல்லது, வாங்குபவருக்கும் சௌகரியம்.

அப்புறம் என்ன பிரச்னை என்கிறீர்களா? சால்மோனெல்லா!

வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் இந்தக் கிருமி எலியின் குடலில் சொகுசாகக் குடியிருக்கும். எலி பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே தெரியும். அதைத் தின்கிற பாம்பும் ஒரு நோவும் இல்லாமல் கிருமியைச் சுமந்துகொண்டு, மலத்தின் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். "அதான் ஃப்ரீஸர்ல வச்சாச்சே, கிருமி செத்திருக்காதா?" என்று பலர் கேட்கிறார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். மைனஸ் 18 டிகிரி குளிரில் சால்மோனெல்லா பெருகாது, அவ்வளவுதான். சாகாது, தூங்கும். எலி உருகத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2010-ல் அமெரிக்காவில் 17 மாநிலங்களில் 34 பேருக்கு வந்த சால்மோனெல்லா, உறைந்த எலிகளிலிருந்து பரவியதுதான் என்று கண்டுபிடித்தார்கள். அதே எலிகள் கப்பலேறிப் போன பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள். 2014-ல் அமெரிக்காவில் மறுபடியும் வந்தது. பிரிட்டனில் 2015-ல் தொடங்கிய இன்னொரு பரவலில் 850 பேருக்கு மேல் பாதிப்பு. குழந்தைகள் பலர். கடைசியில் லிதுவேனியா நாட்டில் ஓர் இடத்திலிருந்து வந்த எலிகளுக்கு 2022 பிப்ரவரியில் தடை போட்டார்கள். பாம்பைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வரலாம். எலியைத் தொட்ட கை, அந்தக் கை பட்ட குழாய்த் திருகு, குழாயைத் தொட்டவரின் கை, பால் புட்டி... இப்படித்தான் தொட்டிலில் கிடக்கிற குழந்தைவரை போய்ச் சேருகிறது.

ஆகவே முதல் வேலை, எலிக்குத் தனி ஃப்ரீஸர். சின்னதாக ஒன்று போதும். முடியவே முடியாது என்றால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி, கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் உருகும் தண்ணீர் சாப்பாட்டில் சொட்டும். கரண்ட் போனால், நிறைந்திருக்கும் ஃப்ரீஸர் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதிதான் நிறைந்திருந்தால் 24 மணி நேரம். அதற்கப்புறம் மெத்தென்று ஆகிவிட்ட எலியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். குப்பைதான்.

அடுத்தது உருக வைப்பது. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைக்கிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் வெந்து, மறு பக்கம் ஐஸாக இருக்கும். சமயத்தில் வயிறு வெடித்துச் சிதறும். அதே மைக்ரோவேவில்தானே பிள்ளைக்குப் பால் சுட வைக்கிறீர்கள்? சமையல் மேடையில் மணிக்கணக்காகக் கிடக்க விடுவதும் கூடாது. அறைச் சூட்டில் கிருமி மளமளவென்று பெருகும்.

மூடிய பைக்குள் போட்டு, பையை டப்பாவில் வைத்து, முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் அதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, பையோடு கொஞ்ச நேரம் வைத்தால் வெதுவெதுப்பாகிவிடும். பாம்பும் ஆவலோடு பிடிக்கும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். பாம்புக்கு வெந்த எலி உதவாது. இந்த வேலையைச் சமையலறைத் தொட்டியில் செய்யாதீர்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்திலும் செய்யாதீர்கள். ஊட்டுவதற்கு நீண்ட இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரலும் தப்பும். பாம்பு தொடாமல் விட்டதை மறுபடி ஃப்ரீஸரில் வைக்காமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பிறகு பாத்திரத்தையும் மேஜையையும் முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, அப்புறம் ப்ளீச் கலந்த தண்ணீரால் துடையுங்கள். அழுக்கின் மேலேயே ப்ளீச்சைக் கொட்டினால் பலன் குறைவு. கையுறை போட்டிருந்தாலும் கைக்குச் சோப்பு தப்பாது. மெதுவாக இருபது எண்ணும்வரை தேயுங்கள்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை இந்த எலியையோ பாம்பையோ தொடவே கூடாது. கர்ப்பிணிகள், 65 தாண்டியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் ஒதுங்கி இருப்பது நல்லது. வீட்டுக்குப் பச்சைக்குழந்தை வரப்போகிறது என்றால், பாம்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்பதுதான் என் கட்சி. பெரியவன் அழுவான். அழட்டும், நாலு நாளில் சமாதானமாவான்.

இவ்வளவும் மீறி யாருக்காவது வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றைப் பிசைகிற வலி வந்தால்? கிருமி புகுந்து 6 மணி நேரத்திலிருந்து 6 நாளைக்குள் தெரியும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் தானாகவே சரியாகும். உப்பு-சர்க்கரைக் கரைசல் குடிக்கக் கொடுங்கள். பச்சைக்குழந்தைக்கு வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் டாக்டர் கேட்பார். பாம்பைப் பற்றி அவருக்குத் தோன்றாது. "எங்க வீட்ல பாம்பு இருக்கு, ஃப்ரீஸர்ல எலி இருக்கு" என்று வெட்கப்படாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.