பழைய கணினியில் தூங்கும் தமிழ்க் கோப்புகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஈப்போவிலும் தோட்டப்புறங்களிலும் பழைய கணினியை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படங்களைப் பென் டிரைவில் ஏற்றினால் அப்படியே வந்துவிடும். சிக்கல் பழைய தமிழ்க் கோப்புகளில்தான்.

யூனிகோடு பரவுவதற்கு முன், மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவற்றில் தட்டச்சு செய்த கோப்புகள் புதிய கணினியில் கிறுக்கல்களாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டதென்று பலர் அழித்துவிடுகிறார்கள். அது கெடவில்லை, அதற்குரிய எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். தோட்டம் மேம்பாட்டுக்குப் போய், குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறிய பிறகு, கோயில் வரிப் பட்டியலும் சங்கக் கூட்டக் குறிப்புகளுமே யார் எந்த லயத்தில் வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சிய சான்றாக இருக்கலாம்.

ஆகவே கோப்புகளோடு, பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபோன்ட்ஸ்' பகுதியில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் நகலெடுக்க வேண்டும். புதியதில் அவற்றை நிறுவினால் எழுத்துகள் மீண்டும் தெரியும். பிறகு எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் தனியே வைத்துக்கொள்வது நல்லது. அடையாள அட்டை எண்கள் உள்ள பட்டியலை முன்பின் தெரியாத இணையத்தளத்தில் ஒட்டி மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து படித்துப் பார்த்த பிறகே பழைய கணினியை விற்கலாம்.